களவுபோன மின்னஞ்சலை மீட்டல்

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களுக்குக் கடல்கடந்தும் மின்னஞ்சல்வழி வேலை வருவதுண்டு. அக்கணக்கைக் கவர்ந்த கள்வன், சிற்பியின் பெயரிலேயே தன் வங்கி எண்ணை எழுதியனுப்பிக் கூலியைப் பறித்துக்கொள்ள இயலும்.

இழந்த கணக்கை, வழக்கமாகப் பயன்படுத்தும் கருவியிலிருந்தே மீட்க முயல்க. மீட்டபின் கடவுச்சொல்லை மட்டும் மாற்றி அமைதல், முன்வாயிலைப் பூட்டிப் புறவாயிலைத் திறந்துவைத்தலை ஒக்கும். ஆகவே மூன்றினைச் செய்க. ஒன்று, பிற கருவிகள் அனைத்திலிருந்தும் கணக்கை வெளியேற்றுக. இரண்டு, மீட்புக்குரிய தொலைபேசி எண்ணும் முகவரியும் நம்முடையனவா எனக் காண்க. மூன்று, வரும் மடல்களைக் கள்வனுக்குத் தானே அனுப்பும் விதி அமைப்புகளில் ஒளிந்திருப்பின் நீக்குக. பின்னர் இருபடிச் சரிபார்ப்பை அமைத்திடுக.

பணம் இழந்தோர் 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, 66சி பிரிவின்படி 3 ஆண்டுவரை சிறையுண்டு. செங்கற்பட்டு மாணவர் இதனைத் தம் இல்லத்தார்க்கும் கற்பிப்பாராக.