மலைக்கு வந்த பொறிவண்டு

நுழையும்முன்

செடியில் பூச்சியைக் கண்டவுடன் நச்சுமருந்தைத் தேடுவது இன்று பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அப்பூச்சியை உண்டு வாழும் மற்றோர் உயிர் அதே செடியில் இருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நீலகிரியின் புல்தரைகளும் பூந்தோட்டங்களும் காய்கறி நிலங்களும் இதைப் பற்றி நமக்குக் கற்றுத்தருபவை பல. மலைக்கு வெளியிலிருந்து வந்த ஒரு மரம், அதைத் தொடர்ந்து வந்த ஒரு பூச்சி, அப்பூச்சியைத் தேடி வந்த ஒரு வண்டு ஆகிய மூன்றின் வரலாற்றோடு இப்பாடம் அவற்றை எடுத்துரைக்கிறது.

இரு புல்வெளிகள்

உதகமண்டலத்தில் தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவில் அமைந்துள்ளது அரசுத் தாவரவியல் பூங்கா. 1848ஆம் ஆண்டு வில்லியம் கிரகாம் மெக்கைவர் என்பவரின் பொறுப்பில் இது உருப்பெறத் தொடங்கியது. மே மாதத்தில் மலர்க்காட்சி காண வருவோரை முதலில் வரவேற்பது இங்குள்ள பரந்த புல்தரையே. அதில் செழித்திருக்கும் கிக்கூயூப் புல், கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதியிலிருந்து வந்தது. கென்ய நாட்டின் கிக்கூயூ மக்களின் பெயரையே அப்புல்லும் தாங்கியுள்ளது.

பூங்காவின் மேற்புறச் சரிவில் தோடர்களின் மந்து ஒன்று இருக்கிறது. தோடர்கள் தம் எருமைகளை மேய்த்த இயற்கைப் புல்வெளிகள் ஒரு காலத்தில் இம்மலையின் உச்சிப்பரப்பை மூடியிருந்தன. பள்ளத்தாக்குகளில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியுமாக அமைந்த அந்நிலக்காட்சியை முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் இன்றும் காணலாம். வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் அப்புல்வெளிகளில்தாம். தோடர் கோயில்களின் கூரையும் சதுப்பு நிலத்தில் வளரும் புல்லால் வேயப்படுவதே.

இயற்கைப் புல்வெளிக்கு எவரும் உரமிடுவதில்லை, மருந்து தெளிப்பதுமில்லை. பல்வகைப் புற்களும் பூச்செடிகளும், அவற்றை உண்ணும் பூச்சிகளும், பூச்சிகளை உண்ணும் பறவைகளும் அங்கு ஒன்றையொன்று கட்டுக்குள் வைத்திருக்கின்றன. தோட்டத்துப் புல்தரையில் ஒரே வகைப் புல் மட்டுமே வளர்க்கப்படுகிறது. ஓரினம் மட்டும் செறிந்த இடத்தில் அதை உண்ணும் உயிருக்கு உணவு பெருகுகிறது. அவ்வுயிரை உண்ணும் உயிருக்கோ உறைவிடம் இல்லாமற்போகிறது. ஆதலால், இயற்கை தானே செய்துவந்த வேலையைத் தோட்டக்காரர் தம் கையால் செய்ய வேண்டியதாகிறது. அவ்வேலையை இயற்கையின் வழியிலேயே செய்வதுதான் இயற்கைமுறைத் தோட்டப் பராமரிப்பு.

மண்ணிலிருந்து தொடங்குதல்

இயற்கைமுறையில் புல்தரை பேணுவோர் முதலில் கவனிப்பது மண்ணை. நீலகிரியில் பெய்யும் மிகுமழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துச் சென்றுவிடுவதால், இங்குள்ள மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. மண்ணை ஆய்வு செய்து, தேவையான அளவு சுண்ணாம்பு அல்லது டோலமைட்டு இட்டு அதைச் சீர்செய்கின்றனர்.

நிழலும் ஈரமும் மிகுந்த புல்தரையில் பாசி படர்வது உண்டு. பாசியை அழிக்க மருந்திடுவது எளிது. ஆனால், அது மீண்டும் வரும். வடிகால் இன்மை, மிதிபட்டு இறுகிய மண், அமிலத்தன்மை, வெயில் படாமை ஆகியவையே பாசி படர்வதற்குக் காரணங்கள். கவைக்கோலால் மண்ணில் துளையிட்டுக் காற்றோட்டம் தந்து, மட்கிய தொழுவுரத்தைச் சலித்துத் தூவி, நிழல்தரும் கிளைகளைக் கழித்துவிட்டால் புல் வலுப்பெறும். பாசி தானே பின்வாங்கும்.

புல்லை வெட்டுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஒரே முறையில் வெட்டுதல் கூடாது. மிகத் தாழ்வாக வெட்டினால் வேரின் ஆழம் குறையும். வெற்றிடத்தில் களை முளைக்கும். வெட்டிய சிறு துணுக்குகளைத் தரையிலேயே விட்டுவிட்டால் மண்புழுக்களும் நுண்ணுயிர்களும் அவற்றை மட்கச் செய்து, தழைச்சத்தை மண்ணுக்கே திருப்பித் தருகின்றன.

புல்லின் வேரைத் தின்னும் வெண்புழு ஒருவகை வண்டின் இளம்பருவம். கோடைமழைக்குப்பின் மாலை வேளையில் வெளிவரும் தாய்வண்டுகளை விளக்குப்பொறி வைத்துப் பிடித்தால், முட்டையிடும் முன்பே அவற்றின் பெருக்கத்தைக் குறைக்கலாம். மண்ணைக் கிளறும்போது வெளிப்படும் புழுக்களை மைனாக்கள் உண்கின்றன. மெட்டாரைசியம் என்னும் பூஞ்சையும் இப்புழுவைத் தாக்கி அழிக்க வல்லது.

தெரிந்து தெளிவோம்

நீலகிரியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி பெய்யும். அக்காலத்தில் தாவரவியல் பூங்காவின் மலர் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடிகளைக் கொண்டு மூடிப் பாதுகாக்கின்றனர். அதிகாலையில் புல்தரை மீது நீர் தெளித்துப் பனியைக் கரைக்கின்றனர். உறைந்த புல்லின் மீது நடந்தால் அதன் திசுக்கள் உடைந்து கருகிவிடும்.

மரமும் பூச்சியும் வண்டும்

நீலகிரி மக்கள் சீகை மரம் என்று அழைக்கும் வாட்டில் மரம், ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டது. ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் அதை விறகுக்காக இம்மலைக்குக் கொண்டுவந்தனர். அதன் பட்டை தோல் பதனிடவும் பயன்பட்டது. 1920களில் அம்மரங்களில் வெண்பஞ்சு ஒட்டியதுபோல ஒரு பூச்சி தென்பட்டது. ஐசீரியா எனப்படும் அப்பஞ்சுச் செதில்பூச்சியும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்ததே.

செதில்பூச்சி கிளையில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். பெண்பூச்சியின் பின்புறம் உள்ள வெண்ணிறப் பையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். அது வெளியேற்றும் இனிப்பான கழிவில் கரும்பூசணம் படர்ந்து இலை கறுக்கும், மரம் நலியும். தன் தாயகத்தில் இப்பூச்சி இவ்வளவு பெருகுவதில்லை. அதை உண்டு வாழும் உயிர்கள் அங்கு உள்ளமையே காரணம். புதிய நாட்டுக்கு வந்த செதில்பூச்சி தன் பகைவரைத் தாயகத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தது. அதனால் தடையின்றிப் பெருகியது.

இந்நிலையை நீலகிரிக்கு முன்பே சந்தித்தது அமெரிக்காவின் கலிபோர்னியா. அங்கு ஆரஞ்சுத் தோட்டங்கள் இப்பூச்சியால் அழிவின் விளிம்புக்குச் சென்றன. 1888ஆம் ஆண்டு ஆல்பர்ட் கோபெலே என்னும் பூச்சியியலாளர் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். சிவப்பும் கறுப்புமான சிறிய பொறிவண்டு ஒன்று செதில்பூச்சியை உண்பதை அவர் அங்குக் கண்டார். அவர் முதலில் அனுப்பிய வண்டுகள் 129 மட்டுமே. அவற்றின் வழித்தோன்றல்கள் தோட்டம் தோட்டமாகப் பரவின. இரண்டு ஆண்டுகளுக்குள் செதில்பூச்சியின் ஆதிக்கம் ஒடுங்கியது.

ரொடோலியா என்னும் அப்பொறிவண்டே நீலகிரிக்கும் வந்தது. 1929ஆம் ஆண்டு வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட வண்டுகள் வளர்த்துப் பெருக்கப்பட்டுச் சீகைத் தோப்புகளில் விடப்பட்டன. வண்டு செதில்பூச்சியின் முட்டைப்பையின் மீதே தன் முட்டைகளை இடும். பொரித்து வரும் இளம்புழுக்கள் பைக்குள் நுழைந்து முட்டைகளை உண்ணும். உணவு மிகுந்தபோது வண்டு பெருகியது. செதில்பூச்சி குறைந்தபோது வண்டும் குறைந்தது. இரண்டும் முற்றாக அழியாமல் ஓர் அளவுக்குள் நின்றன. ஓர் உயிரைக்கொண்டு மற்றோர் உயிரின் பெருக்கத்தைத் தடுக்கும் இம்முறையை உயிரியல் கட்டுப்பாடு என்பர்.

மருந்து செய்த பிழை

கலிபோர்னியாவின் கதை அத்துடன் முடியவில்லை. 1940களின் பிற்பகுதியில் வேறு பூச்சிகளைக் கொல்ல அங்குள்ள தோட்டங்களில் டிடிடி தெளிக்கப்பட்டது. அம்மருந்து பொறிவண்டுகளைக் கொன்றது. அரை நூற்றாண்டு அடங்கியிருந்த செதில்பூச்சி மீண்டும் பெருகியது. மருந்துத் தெளிப்பை மாற்றியமைத்து, பொறிவண்டுகளை மீண்டும் கொண்டுவந்து விட்ட பிறகே தோட்டங்கள் மீண்டன. பயிருக்குப் பகையான பூச்சியோடு அதன் பகைவரையும் சேர்த்துக் கொல்லும் மருந்து, அடுத்த தாக்குதலுக்கு வழியைத் திறந்துவிடுகிறது.

நீலகிரியில் இக்கருத்து கூடுதல் முதன்மை பெறுகிறது. இம்மலையின் சரிவுகளில் தெளிக்கப்படும் எதுவும் மழைநீரோடு கீழிறங்கும். குன்னூர் ஆறும் மோயாறும் பவானியில் கலக்கின்றன. பவானி காவிரியில் கலக்கிறது. மலைத்தோட்டத்தில் இடும் நஞ்சு சமவெளி மக்களின் குடிநீரை அடையக்கூடும்.

மலைப்பயிர்களும் மாற்றுவழிகளும்

1961ஆம் ஆண்டு உதகை அருகே உருளைக்கிழங்குப் பயிரின் வேரில் பொன்னிற நூற்புழு கண்டறியப்பட்டது. இந்தியாவில் அப்புழு அறியப்பட்டது அதுவே முதன்முறை. கடுகளவினும் சிறிய அதன் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் பல ஆண்டுகள் உயிரோடு உறங்கும். உருளைக்கிழங்கின் வேர்க்கசிவை உணர்ந்ததும் அவை விழித்தெழும். இப்புழுவுக்கு உருளைக்கிழங்கும் அதன் இனப்பயிர்களுமே உணவு. ஆதலால் கேரட், முட்டைக்கோசு, பூண்டு, அவரை இனப்பயிர்கள் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயிரிட்டால் உணவின்றி அதன் எண்ணிக்கை குறைகிறது. முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இப்புழுவைத் தாங்கி வளரும் இரகங்களையும் உருவாக்கியுள்ளது.

முட்டைக்கோசைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சிக்குக் கடுகின் மீது விருப்பம் அதிகம். 25 வரிசை முட்டைக்கோசுக்கு 2 வரிசை கடுகை முன்கூட்டி விதைத்தால் அந்துப்பூச்சி கடுகையே நாடிச் சென்று முட்டையிடும். இது கவர்ச்சிப்பயிர் எனப்படும். குளிர்ந்த மலைப்பகுதிகளில் இப்பூச்சியின் புழுவுக்குள் முட்டையிட்டு அதனை அழிக்கும் டயடெக்மா என்னும் குளவியும் பயன்படுகிறது.

தேயிலையை வறட்சிக் காலத்தில் தாக்கும் செஞ்சிலந்தி, நிழலற்ற பகுதிகளிலும் புழுதி படியும் சாலையோரங்களிலும் மிகுதியாகப் பெருகும். தேயிலைத் தோட்டங்களில் நிற்கும் நிழல்மரங்கள் இத்தாக்குதலைக் குறைக்கின்றன. கொழுந்து பறிக்கும் கைகளையும் தேநீர் அருந்தும் வாய்களையும் எண்ணினால், மருந்தின்றிக் காக்கும் ஒவ்வொரு வழியும் மதிப்புடையது என்பது விளங்கும்.

தெரிந்து தெளிவோம்

வேப்பங்கொட்டைச் சாறு: 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 1 லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியால் வடிகட்டிச் சிறிதளவு சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். தயாரித்த அன்றே மாலை வேளையில் தெளித்தல் நன்று. வெயில் பட்டால் இதன் ஆற்றல் குறைந்துவிடும். தேனீக்கள் மலர்களை நாடும் நேரத்தில் தெளித்தல் கூடாது.

ஆராய்ந்து அழைத்தல்

வெளியிலிருந்து ஓர் உயிரைக் கொண்டுவருவதில் பெரும் எச்சரிக்கை தேவை. அது பகைப்பூச்சியை மட்டுமே நாடுமா, பயிரையும் பிற உயிர்களையும் தாக்குமா என்று அடைத்துவைத்து ஆராய்ந்த பின்னரே வெளியில் விட வேண்டும். 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றையும் அழித்தது. 2010ஆம் ஆண்டு புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டன. சோதித்துத் தேறிய பிறகு தமிழ்நாட்டு வயல்களில் அவை விடப்பட்டன. ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாத அக்குளவிகள் மாவுப்பூச்சியை அடக்கின.

எல்லா முயற்சியும் இவ்வாறு வெற்றி பெறுவதில்லை. உண்ணிச்செடியை அடக்க 1921ஆம் ஆண்டிலேயே ஹவாயிலிருந்து ஓர் ஈ கொண்டுவரப்பட்டது. ஆயினும் முதுமலைச் சரிவுகளில் உண்ணிச்செடி இன்றும் அடர்ந்து நிற்கிறது.

காலம் திருத்திய கணக்கு

பொறிவண்டு காப்பாற்றிய சீகை மரம் பின்னாளில் என்னவாயிற்று? அது தோப்புகளைவிட்டு வெளியேறி இயற்கைப் புல்வெளிகளுக்குள் பரவியது. எருமை மேய்ந்த மேடுகளில் வேறு எதையும் வளரவிடாத தோப்பாக அது நின்றது. அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு வெளியிட்டது. ஒரு காலத்தில் காக்கப்பட்ட சீகை மரத்தை அகற்றிவிட்டு, இன்று அதே இடத்தில் புல்லை மீட்க முயல்கின்றனர். அழகிய புல்தரையில் விளங்கும் கிக்கூயூப் புல்லும் சதுப்பு நிலங்களில் பரவினால் அங்குள்ள இயல்தாவரங்களை மூடிவிடுகிறது.

1929ஆம் ஆண்டு பொறிவண்டை வரவழைத்தோர் தம் கண்முன் இருந்த சிக்கலைத் திறம்படத் தீர்த்தனர். எனினும் அவர்கள் காத்தது ஒரு மரத்தை. இன்று நாம் காக்க வேண்டியது மலை முழுவதையும். பயிர், களை, பகை, நட்பு என்னும் பெயர்களை உயிர்களுக்குச் சூட்டுவோர் நாமே. ஓர் உயிர் எங்கு நிற்கிறது, எதனோடு வாழ்கிறது, எதற்கு இரையாகிறது என்று கண்டறிந்த பின்பு சூட்டும் பெயரே நிலைக்கும்.

ஆகவே, தோட்டத்தில் பூச்சியைக் கண்டால் முதலில் செய்ய வேண்டியது உற்றுநோக்குதல். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் அசுவினிக் கூட்டத்தின் நடுவே ஒரு பொறிவண்டின் புழு உண்டுகொண்டிருக்கக் காணலாம். அதை அறிந்த கை, மருந்துத் தெளிப்பானை எடுக்கத் தயங்கும். அத்தயக்கமே இயற்கைமுறைத் தோட்டக்கலையின் முதல் பாடம்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளித் தோட்டத்தில் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் அதில் காணும் பூச்சிகளையும் அவற்றின் செயல்களையும் குறிப்பேட்டில் பதிவு செய்க.

2. உங்கள் பகுதியில் பயன்பாட்டில் உள்ள மருந்தில்லாப் பூச்சித் தடுப்பு முறைகளை உழவர்களிடம் கேட்டறிந்து வகுப்பறையில் உரையாற்றுக.

மதிப்பீடு

குறுவினா
1. கவர்ச்சிப்பயிர் என்பது யாது?
2. புல்தரையில் பாசி படர்வதற்கான காரணங்கள் யாவை?

சிறுவினா
1. பயிர்ச்சுழற்சி பொன்னிற நூற்புழுவை எவ்வாறு கட்டுப்படுத்துகிறது?
2. டிடிடி தெளிப்புக்குப்பின் செதில்பூச்சி மீண்டும் பெருகியது ஏன்?

நெடுவினா
1. ‘ஒரு காலத்தில் காக்கப்பட்ட மரம் இன்று அகற்றப்படுகிறது’ – சீகை மரத்தின் வரலாற்றைக்கொண்டு இக்கூற்றை ஆராய்க.