ஏற்க மறுத்த உறுப்பு

கணினியில் ஓர் உறுப்பு இயங்காதொழியுங்கால், பழுது அவ்வுறுப்பின்கண்ணதோ, அன்றி அதனை ஏற்கவேண்டிய அமைப்பின்கண்ணதோ என்று தேர்ந்து காணும் முறையினை, சென்ற விடுமுறையில் நாகூரில் யான் பட்ட இடரொன்று கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றேன். தமிழ் பயில்வானுக்கு இஃதெற்றுக்கு என நகுவாரும் உளர், நகுக.

லினக்ஸ் என்பது, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991-ஆம் ஆண்டு வெளியிட்ட கெர்னல். கெர்னலாவது, பொறியின் உறுப்புக்களுக்கும் நாம் ஏவும் நிரல்களுக்கும் இடைநின்று பணிபுரியும் கரு. வேண்டுங்கால் அதனொடு கூட்டவும், வேண்டாக்கால் கழிக்கவும் ஆகும் துண்டங்களை மாட்யூல் என்பர். 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், விண்டோஸொடு பாஸ் லினக்ஸும் நம் நாட்டுச் சிற்றூர்களிற் புகுந்தது.

நாகூரில் என் நண்பன் இல்லத்துப் பெரியவரின் மகனார் சிங்கப்பூரில் உள்ளார். வெள்ளிதோறும் மாலையில் இருவரும் முகங்கண்டு பேசுவர். பெரியவர்க்குக் கண்ணொளி குன்றியமையின் மடிக்கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியொடு பிணைத்திருந்தனர். படம் விட்டுவிட்டு அசைதல் கண்டு, பட அட்டைக்குரிய தனி மாட்யூலை நிறுவித் தருவேன் என யானே முன்வந்தேன். நிறுவியபின் தொலைக்காட்சி இருண்டது. “முன்னே முகமாவது தெரிஞ்சுது, தம்பி” என்றார் பெரியவர். அச்சொல் என்னைச் சுட்டது.

மாட்யூலே பழுதெனக் கருதி மும்முறை நீக்கினேன், மும்முறை நிறுவினேன். பயனில்லை. கடைமடை வயல் காய்ந்தால், நட்ட நாற்றைப் பறித்து மீட்டும் நடுவாருளரோ? வாய்க்காற் கரையேறி மதகு திறந்துளதா என்றன்றோ பார்ப்பர்! அவ்வறிவு எனக்கு இரண்டாம் நாள் இரவே வந்தது.

மோட்புரோப் என்னும் கட்டளையால் மாட்யூலை ஏற்ற முயன்றேன். சாவி மறுக்கப்பட்டது என்னும் விடை வந்தது. கெர்னலின் குறிப்பேட்டைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையும் அதனையே உரைத்தது. மாட்யூல் இக்கெர்னலின் பதிப்பிற்கென்றே ஆக்கப்பட்டதா என நோக்கினேன், ஆம். விலக்குப் பட்டியலில் உளதா? இல்லை, ஆனால் முன்பு படங்காட்டிய பழைய மாட்யூல் அப்பட்டியலில் இருந்தது. புதியதை நிறுவியபொழுதே பழையது விலக்கப்பட்டமையின், இரண்டுமின்றித் திரை இருண்டதென்பது விளங்கிற்று.

எஞ்சியது செக்யூர் பூட் என்னும் தொடக்கக் காவல். 2012-ஆம் ஆண்டு விண்டோஸ் 8 வந்தது முதற் பரவிய இக்காவல் விழித்திருக்குங்கால், தானறிந்த சாவியால் ஒப்பமிடப்பெறாத மாட்யூலை லினக்ஸ் கெர்னல் ஏலாது. நம் பொறியிலேயே ஆக்கிய மாட்யூலுக்கு நம் பொறியே ஒரு சாவியால் ஒப்பமிடும். ஆயின் அச்சாவியைப் பொறியின் உரிமையாளர் ஒருமுறை பதிந்து தரல்வேண்டும். அதன்பொருட்டே நிறுவுங்கால் ஒரு கடவுச்சொல் கேட்கப்பெற்றது. மறுதொடக்கத்தில் ஒரு நீலத்திரையும் தோன்றியது. யாதேனும் ஒரு விசையை அழுத்துமாறு பத்து நொடியே அது காத்து நிற்கும். யானோ தேநீர் பருகச் சென்றிருந்தேன்!

காவலையே அணைத்துவிடுக என்பார் பலர். அஃது எளிதே; எனினும் பெரியவரின் வங்கிக் கணக்கும் அப்பொறியிலேயே நடைபெறுதலின் எனக்கு மனம் ஒப்பவில்லை. மோக்யூட்டில் என்னும் கருவியால் சாவியை மீட்டும் பதிவுக்கு விடுத்து, புதிய கடவுச்சொல் அமைத்து, பொறியை மறுபடி தொடங்கினேன். இம்முறை நாற்காலியை விட்டு எழவில்லை. நீலத்திரை வந்தது, சாவி பதியும் பகுதியைத் தெரிந்து, இசைவளித்து, கடவுச்சொல்லை இட்டேன். மாட்யூல் ஏறிற்று. இனிக் கெர்னல் புதுப்பிக்கப்படினும் அதே சாவியால் ஒப்பமிடப்பெறும் ஆதலின், இவ்விடர் மீளாது.

வெள்ளி மாலை தொலைக்காட்சி நிறைய மகனார் முகம் தோன்றிற்று. பெரியவர் நெடுநேரம் நோக்கியிருந்து, “ஏன்டா இப்படி இளைச்சுட்டே?” என்றார்.