நம்ம கேம்பஸ்ல ஹம்மிங்பேர்டா? இரண்டு தேன்சிட்டுகளைப் பிரித்தறிவோம்

ஹாஸ்டல் வாசல் செம்பருத்தி முன்னாடி ஒரு குட்டிப் பறவை படபடன்னு சிறகடிச்சு நிற்கும். உடனே வீடியோ எடுத்து "ஹம்மிங்பேர்ட்" என்று ஸ்டேட்டஸ் போட்டிருப்பீங்க. அது ஹம்மிங்பேர்ட் இல்லைங்க. அந்தக் குடும்பத்தில் 300-க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தாலும், அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில்தான். நீங்க பார்த்தது தேன்சிட்டு.

இரண்டுக்கும் நெருங்கிய சொந்தம் கிடையாது. தேன் குடிக்கிற ஒரே வேலைக்காக நீண்ட அலகும் குழல் போன்ற நாக்கும் இரண்டு குடும்பத்திலும் தனித்தனியாக உருவாயின. ஒரே கேள்விக்கு இரண்டு பேர் காப்பி அடிக்காமல் ஒரே விடை எழுதின மாதிரி! ஹம்மிங்பேர்ட் சிறகைக் கீழே அடிக்கும்போதும் மேலே கொண்டுபோகும்போதும் தூக்குவிசை பெறுகிறது. அதனால் அந்தரத்தில் நின்றே குடிக்கும். தேன்சிட்டு கொஞ்ச நேரம்தான் அப்படி நிற்கும். பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும்.

செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரை முதல் மாமல்லபுரம் ஈசிஆர் தோட்டங்கள் வரை சாதாரணமாகப் பார்க்கக்கூடியவை இரண்டு: ஊதாத் தேன்சிட்டு, ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. பெயரில் ஊதா இருக்கேன்னு நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துடுவீங்க.

ஆண்: வயிறைப் பாருங்க. ஊதாப்பிட்டுக்கு வயிறு மஞ்சள், முதுகும் மார்புப் பட்டையும் அரக்குச் சிவப்பு. ஊதாத் தேன்சிட்டு உடல் முழுக்கக் கருநீலம். நிழலில் வெறும் கறுப்பு. வெயிலில் திரும்பினால்தான் மின்னும். காரணம் சாயம் இல்லை; இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பி ஏற்படும் குறுக்கீட்டு விளைவு. முதல் வருஷ ஃபிசிக்ஸ் லேப்ல ஏர் வெட்ஜ் பண்ணினீங்களே, அதே தத்துவம்தான்.

பெண்: தொண்டையைப் பாருங்க. ஊதாப்பிட்டுப் பெண்ணுக்குத் தொண்டை சாம்பல் கலந்த வெள்ளை, கீழே மஞ்சள். ஊதாத் தேன்சிட்டுப் பெண்ணுக்குத் தொண்டையிலிருந்தே மங்கிய மஞ்சள்.

மாறுவேஷம்: இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஊதாத் தேன்சிட்டு ஆண் தன் மினுமினுப்பை உதிர்த்து, பெண் மாதிரி ஆகிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரை ஓடும் ஒரு கருங்கோடுதான் அடையாளம். ஊதாப்பிட்டு ஆண் இப்படி மாறுவதில்லை. இந்தக் கருங்கோட்டைப் பார்த்து "புது இனம்" என்று துள்ளிக் குதிச்சவங்க நிறைய பேர்.

கூடு: இரண்டும் நார், காய்ந்த இலை, பட்டைத் துணுக்குகளைச் சிலந்தி வலையால் ஒட்டி, தொங்கும் பை மாதிரி கட்டும். பக்கவாட்டில் வாசல், அதற்கு மேல் சின்னத் தாழ்வாரம். தூரத்திலிருந்து பார்த்தால் கிளையில் சிக்கிய குப்பைதான். வேலிச்செடி வெட்டும்போது முதலில் போவதும் இதுதான். உள்ளே பெரும்பாலும் இரண்டு முட்டை இருக்கும்.

2015 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இபேர்ட் செயலியில் நீங்களும் பதிவிடலாம். உங்க என்ட்ரியும் அந்தத் தரவில் சேரும்; தப்பா போட்டால் தப்பும் சேரும். அதனால் பெயர் போடும் முன் வயிறு, தொண்டை, கோடு மூன்றையும் பாருங்க. தெளிவாகத் தெரியலைன்னா "தேன்சிட்டு" என்று மட்டும் போடுங்க. அதுவும் சரியான பதிவுதான். அப்படியே, செடி வெட்ட வரும் அண்ணன்கிட்ட "அந்தக் குப்பையைக் கொஞ்சம் பார்த்துட்டு வெட்டுங்கண்ணா"ன்னு ஒரு வார்த்தை சொல்லி வைங்க.