நடைபாதையில் சைக்கிள் இடித்தால்

கேள்வி: பேளுக்குறிச்சியில் குடியிருக்கிறோம். மெயின் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் நெருக்குவதால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாக்கடை மேல் போட்ட சிமென்ட் பலகை மீதே சைக்கிளை ஓட்டி வருகிறார்கள். நடக்கிறவர்களுக்கும் அதுதான் வழி. சந்தை நாளில் அங்கே போய்க்கொண்டிருந்த என் தாயாரை (வயது 68) பின்னாலிருந்து வந்த சைக்கிள் இடித்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஓட்டி வந்தவன் பதினாறு வயதுப் பையன். "சைக்கிள்தானே, இதுக்கெல்லாம் கேஸ் ஆகாது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது குற்றம் இல்லையா? எங்களுக்கு இழப்பீடு கிடைக்குமா?
– வாசகர், பேளுக்குறிச்சி

பதில்: "கேஸ் ஆகாது" என்று உங்களிடம் சொன்னவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தை மட்டும் மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். 1988ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்துக்குள் மிதிவண்டி வராது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு எஞ்சின் ஒரு பொருட்டில்லை. அதன் 281ஆவது பிரிவு, பொது வழியில் எந்த வாகனத்தையானாலும் மனித உயிருக்கு ஆபத்து நேரும்படி கண்மூடித்தனமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படிப்பட்ட செயலால் ஒருவருக்குக் கொடுங்காயம் ஏற்பட்டால் 125ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். எலும்பு முறிவைச் சட்டம் கொடுங்காயம் என்றே வகைப்படுத்துகிறது (பிரிவு 116). ஆகவே உங்கள் தாயாரின் மணிக்கட்டு, சட்டத்தின் கண்ணில் சின்ன விஷயம் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அந்தப் பலகை மீது சைக்கிள் வந்தது என்பது மட்டும் குற்றத்தை நிரூபித்துவிடாது. என்ன வேகம், மணி அடித்தானா, பிரேக் வேலை செய்ததா, சந்தைக் கூட்டம் கண்ணெதிரே இருந்தும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகாதது ஏன் என்பவைதான் கவனக்குறைவைக் காட்டும் சங்கதிகள். அவற்றுக்கு அன்று பார்த்த இரண்டு பேரின் சாட்சியம் உங்களுக்கு வேண்டும்.

நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவதே குற்றமா என்ற உங்கள் கேள்விக்கு இன்றைய சட்டத்தில் நேரடியான பதில் இல்லை. 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், சீருடைக் காவலர் சொன்னாலன்றி நடைபாதையிலும் மிதிவண்டிப் பாதையிலும் வாகனம் ஓட்டக் கூடாது என்கின்றன. அவை மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், மோட்டார் வாகனம் ஓட்டுகிறவர்களுக்காகப் பிறந்தவை. பலகை மீது பைக்கை ஏற்றுகிறவரை அவை பிடிக்கும், சைக்கிளைப் பிடிக்கா. இந்த ஓட்டையை அடைக்க அதே சட்டத்தின் 2019 திருத்தத்தில் 138(1ஏ) என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டது. எஞ்சின் இல்லாத வாகனங்களும் நடப்பவர்களும் பொது இடங்களை எப்படிப் பயன்படுத்துவது என்று மாநில அரசு விதி வகுக்கலாம் என்கிறது அது. இப்படி விதி வகுக்கும்படி 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆறு மாதக் கெடு வைத்தது. அந்த விதிகளில் சைக்கிளை நடைபாதையிலிருந்து அடியோடு விலக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஊர்ச் சாலைகளுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் ஆபத்தின் அளவு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் 32,825. சைக்கிளில் போனவர்கள் 4,836. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடு 64,105 என்று முதலிடத்தில் நின்றது. நடப்பவரும் சைக்கிள்காரரும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சாகிறார்கள், மோட்டார் வண்டியின் அடியில். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சைக்கிளால் நடப்பவருக்கு ஆபத்தே இல்லை என்று வாதிடுகிறவர்களை நான் ஏற்கவில்லை. காவல் நிலையத்தில் பதிவான விபத்துகள் மட்டுமே இந்தப் புள்ளிவிவரத்துக்குள் வருகின்றன. சைக்கிள் இடித்து முறிந்த மணிக்கட்டு, "கேஸ் ஆகாது" என்ற அதே பேச்சால் எந்தப் பதிவேட்டுக்கும் போவதில்லை. சைக்கிள் பின்னாலிருந்து சத்தமில்லாமல் வரும். இளைஞர் சட்டென்று ஒதுங்கிவிடுவார். அறுபதைத் தாண்டியவர் கையை ஊன்றி விழுவார், அல்லது இடுப்பு முறியும். வயதானவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் பலபேர் பழையபடி எழுந்து நடப்பதே இல்லை. ஜப்பானில் 2008இல் பதினொரு வயதுச் சிறுவன் இறக்கத்தில் சைக்கிளில் வேகமாக வந்து மோதியதில் நடந்து போன ஒரு பெண்மணி நினைவு திரும்பாமல் போனார். பிள்ளைக்குச் சரியாகச் சொல்லி வளர்க்கவில்லை என்று 2013இல் கோபே மாவட்ட நீதிமன்றம் தாயைப் பொறுப்பாக்கி, ஏறத்தாழ ஒன்பதரைக் கோடி யென் கொடுக்கச் சொன்னது. சைக்கிள் கொல்லாது, முடக்காது என்று சொல்கிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தை இவ்வளவு அழுத்திச் சொன்ன பிறகும் அந்தப் பையன் ஏன் பலகை மேல் ஏறினான் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. மேல்நிலை வகுப்புக்கு வரும் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு அரசே விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. கொடுத்த கையே அதை ஓட்ட ஒரு முழம் இடம் கொடுக்கவில்லை. ராசிபுரம், சேந்தமங்கலம் பஸ்கள், சரக்கு லாரிகள், காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு ஏறும் சுற்றுலா வண்டிகள், மளிகைச் சாமானுக்கு வெளியூரிலிருந்து சந்தைக்கு வரும் கூட்டம் எல்லாம் ஒரே தாரில் நெருக்கும்போது, பதினாறு வயதுப் பையனுக்கு எதிரே இரண்டு வழிதான். ஒன்று லாரிச் சக்கரத்தின் ஓரம், இன்னொன்று சாக்கடைப் பலகை. பெரிய தீங்கைத் தவிர்க்க, கெட்ட எண்ணமின்றி, சிறிய தீங்கு நேரக்கூடிய ஒன்றைச் செய்தவரை நியாய சன்ஹிதாவின் 19ஆவது பிரிவு குற்றவாளியாக்குவதில்லை. பையனின் வழக்கறிஞர் இதைத்தான் முதலில் எடுத்து வைப்பார், வைக்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பாதுகாப்பு அவன் பலகை மேல் ஏறியதற்குத்தான் குடை பிடிக்கும். ஏறிய பிறகு போன வேகத்துக்குப் பிடிக்காது. லாரி சாலையில் இருக்கிறது என்பதற்காக, முன்னால் நடக்கும் முதியவரின் முதுகுக்குப் பின்னால் மிதித்துக்கொண்டு வரவேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. இறங்கித் தள்ளலாம், அல்லது அவர் நடை வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொள்ளலாம். இயற்பியலும் அதையே சொல்கிறது. மணிக்கு இருபது கிலோமீட்டரில் வரும் சைக்கிளை பத்துக்குக் குறைத்தால் மோதலின் ஆற்றல் பாதியாக அல்ல, நாலில் ஒன்றாகக் குறைகிறது.

நடைபாதையில் முதல் உரிமை நடக்கிறவருக்கு, சைக்கிள் அங்கே விருந்தாளி. விருந்தாளிக்கு இடம் உண்டு, அவசரம் காட்ட உரிமை இல்லை. மற்ற நாடுகளில் பலவும் தடுமாறித் தடுமாறி இந்த இடத்துக்குத்தான் வந்திருக்கின்றன. நம்மவர்கள் நன்கறிந்த சிங்கப்பூரில் நடைபாதையில் சைக்கிளுக்கு அனுமதி உண்டு, ஆனால் மணிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் கூடாது. மின்ஸ்கூட்டரை மட்டும் 2019 நவம்பரில் நடைபாதையிலிருந்து அகற்றிவிட்டார்கள். ஜெர்மனியில் எட்டு வயது வரை பிள்ளைகள் நடைபாதையில்தான் ஓட்ட வேண்டும், பத்து வயது வரை ஓட்டலாம். ஜப்பானில் பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களும் எழுபது கடந்தவர்களும் ஓட்டலாம், நடப்பவருக்கு இடைஞ்சல் என்றால் நிறுத்த வேண்டும். ஆனால் இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது இன்றும் குற்றம். அங்கே சாலைகளின் தரமும் ஓட்டுநர் ஒழுங்கும் வேறு. பாதுகாப்பான சாலையைக் கொடுத்துவிட்டு நடைபாதையை மூடுவது நியாயம். சாலையைக் கொடுக்காமலே மூடினால் பிள்ளைகளை லாரிக்கு முன்னால் தள்ளிவிடுவதாகும். தமிழக அரசு வகுக்கும் விதியில் வயதும் வேகமும் எழுதப்பட வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். விதி இருந்தும் பயன் என்ன, சைக்கிளுக்கு நம்பர் பிளேட்டே இல்லையே, யாரைப் பிடிப்பது என்று கேட்பார்கள். சிற்றூரில் அந்தக் கேள்விக்கு வலு இல்லை. இடித்த பையன் யார் வீட்டுப் பிள்ளை என்பது பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

இழப்பீட்டுக்கு வருகிறேன். வெறும் சைக்கிள் என்றால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. உரிமையியல் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும், சம்பவ நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள். பையன் மைனர் என்பதால் வழக்கில் அவன் சார்பாகப் பாதுகாவலர் நியமிக்கப்பட வேண்டும். பிள்ளை செய்ததற்கு அப்பா அம்மா தாமாகவே பொறுப்பாளி என்று நம் சட்டம் சொல்வதில்லை. பிரேக் போன சைக்கிளைத் தெரிந்தே கொடுத்தார்கள் என்பது போல அவர்களுடைய சொந்தக் கவனக்குறைவைக் காட்டினால்தான் அவர்களிடம் கேட்கலாம். கோபே தீர்ப்பை இங்கே அப்படியே தூக்கி வைக்க முடியாது. இந்த வழிக்குப் போவதற்கு முன் இரண்டு விஷயங்களை விசாரியுங்கள். ஒன்று, அது பேட்டரி சைக்கிளா? மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கு உள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்கு உள்ளும் இருந்தால்தான் சைக்கிள் என்ற சலுகை. அதற்கு மேல் போனால் அது மோட்டார் வாகனம். பதிவு, காப்பீடு, உரிமம் எல்லாம் வேண்டும். மைனரிடம் கொடுத்த பெற்றோர் மீது மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு பாயும். தீர்ப்பாயத்தின் கதவும் திறக்கும். இரண்டு, ஏதாவது வண்டி நெருக்கியதால்தான் பையன் தடுமாறி உங்கள் தாயார் மீது விழுந்தானா? அப்படியானால் அந்த வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க வழி உண்டு. வண்டி அடையாளம் தெரியாமல் போய்விட்டது என்று நிரூபிக்க முடிந்தால், இத்தகைய விபத்துகளுக்கான 2022இன் இழப்பீட்டுத் திட்டப்படி கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் கேட்கலாம். நடக்காததை நடந்ததாகச் சொல்லி இந்த வழிகளைத் தேடாதீர்கள். நடந்திருந்தால் விட்டுவிடாதீர்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டின் நகலும் எக்ஸ்ரேயும் கையில் இருக்கட்டும். பையன் மீதான விசாரணை இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை இல்லாத குற்றம் என்பதால் சட்டம் அதைச் சிறு குற்றமாகவே பார்க்கிறது. அறிவுரை, சமூக சேவை, பெற்றோர் கட்டும் அபராதம் என்ற அளவில் முடியும். அவன் படிப்புக்கோ வேலைக்கோ அது தடையாகக் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. மருத்துவச் செலவு கைக்கு வருவதே உங்கள் நோக்கம் என்றால், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனு கொடுப்பதுதான் விரைவான வழி. உங்கள் தாயார் பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், அவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. இரண்டு குடும்பமும் நாளைக்கும் ஒரே ஊரில் முகம் பார்க்க வேண்டும் என்பதையும் நான் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அதைவிட முக்கியமான மனு ஒன்று இருக்கிறது. அது பையனுக்கு எதிரானதல்ல. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், இடையூறில்லாத நடைபாதை அரசமைப்பின் 21ஆவது கூறு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக் கூடியதாக அது இருக்க வேண்டும் என்றும் சொன்னது. நடைபாதையின் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி. சாக்கடைப் பலகையின் அகலத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். அதன் மேல் நிற்கும் பைக்குகளையும் கடைச் சாமான்களையும் கழித்துவிட்டு மிஞ்சுவதை எழுதுங்கள். அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஊராட்சியுடையதா என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேட்டால் எழுத்தில் வரும். துறையுடையது என்றால் கோட்டப் பொறியாளருக்கு எழுதுங்கள். வடிவமைப்புத் தரத்தைக் கைவிட்டதால் விபத்தில் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ சாலைக்குப் பொறுப்பானவர்கள் மீது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ பிரிவு இருக்கிறது என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். பொது வழியை அடைத்திருக்கும் சாமான்களை அகற்ற உத்தரவிடும்படி, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். சந்தைக்காரர்களை விரட்டச் சொல்லி எழுத வேண்டாம். அவர்களுக்கும் பிழைப்பு அது. நடக்கிற அகலத்தை விட்டுக் கடை போட இடம் குறித்துத் தரச் சொல்லுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம். பள்ளி விடும் நேரத்திலும் சந்தை நாளிலும் கனரக வண்டிகளின் வேகத்துக்குக் கட்டுப்பாடு, சாலையோரத்தில் சைக்கிளுக்கு வெள்ளைக் கோடு போட்டு ஒரு மீட்டராவது ஒதுக்குவது, பலகை மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்று ஓர் அறிவிப்புப் பலகை ஆகிய மூன்றையும் கேளுங்கள். அந்தத் தீர்மானத்தை முன்மொழிய உங்கள் தாயாருக்கு எவ்வளவு உரிமை இருக்கிறதோ, அவ்வளவு உரிமை அந்தப் பையனின் பெற்றோருக்கும் இருக்கிறது. அவர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.