ரிவால்வரின் ட்ரிக்கர் இறுகுகிறதா? கடலோர வீடுகளுக்குச் சில குறிப்புகள்

தூத்துக்குடிப் பக்கம் முறையாக உரிமம் வாங்கி ரிவால்வர் வைத்திருக்கும் முன்னாள் ராணுவத்தினர், நகைக்கடைக்காரர்கள், காவல் பணியாளர்கள் பலரிடம் ஒரு குறை உண்டு: “ட்ரிக்கர் கல்லு மாதிரி இருக்கு.” அந்தக் கனத்தில் பிறவியிலேயே வந்தது ஒன்று, உப்புக்காற்று சேர்த்தது ஒன்று. முன்னதோடு பழக வேண்டும், பின்னதைத் துடைத்தெடுக்க வேண்டும்.

1. எதைச் செய்வதானாலும் முதலில் தோட்டாக்களை வெளியே எடுங்கள். ஆறு அறைகளையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். எடுத்த தோட்டாக்களை அடுத்த அறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

2. கனத்துக்குக் காரணம் தெரிந்தால் பாதி எரிச்சல் போய்விடும். 1980-களின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் இறக்குமதி செய்யத் தடை இருப்பதால், நம்மில் பலர் கையில் இருப்பது கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். பழைய வெப்லி ரிவால்வரின் வடிவத்தைத் தழுவி, குழல் கீழ்நோக்கி மடங்கித் திறப்பது. ட்ரிக்கரை இழுக்கும்போது அந்த ஒரே இழுப்பு சிலிண்டரைச் சுழற்றி, குதிரையை (தோட்டாவை அடிக்கும் பாகத்தை) பின்னுக்குத் தள்ளி, விடுவிக்கவும் வேண்டும். விலை உயர்ந்த ரிவால்வர்களில் உள்ளே உரசும் முகங்களைக் கையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். மலிவானவற்றில் எந்திரம் கீறிய வரிகள் அப்படியே இருக்கும். தோட்டா தவறாமல் வெடிக்க ஸ்பிரிங்கையும் வலுவாகவே வைப்பார்கள். நல்ல ரிவால்வரிலேயே இந்த இழுப்பு நாலரை முதல் ஐந்தரைக் கிலோ வரை இருக்கும். குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டால் இரண்டு கிலோ சுமாருக்கு இறங்கிவிடும்.

3. மீன் நிறுக்கும் கொக்கித் தராசு வீட்டில் இருந்தால் அதுவே போதும். காலியான ரிவால்வரில் டம்மி தோட்டாக்களைப் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத கெட்டிச் சுவர்ப் பக்கம் குழலைத் திருப்புங்கள். கொக்கியை ட்ரிக்கரின் நடுவில் மாட்டி, குழலுக்கு நேர்கோட்டில் மெதுவாகப் பின்னால் இழுங்கள். குதிரை விழும்போது முள் காட்டும் எடையைத் தேதியோடு குறித்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை ஏறியிருந்தால் ஸ்பிரிங் மீது பழி போடாதீர்கள், அது துருவும் அழுக்கும்தான். குதிரையைப் பின்னுக்கு வைத்து நிறுக்கும்போது எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே இறங்கியிருந்தால், உள்ளே பிடிப்பு தேய்ந்திருக்கக்கூடும். அந்த ரிவால்வரில் தோட்டா போடவே வேண்டாம்.

4. கொண்டல் காற்று வீசும் நாட்களில் கடற்கரைத் தெருக்களிலும் உப்பளத்தை ஒட்டிய வீடுகளிலும் ஜன்னல் கம்பியே துரு பிடிக்கிறது. கையில் எடுத்த ஒவ்வொரு முறையும் வியர்வை போகப் பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். மாதம் ஒருமுறை தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி, அதுவும் மூட்டுகளில் மட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசினாகி ட்ரிக்கரை இன்னும் இறுக்கும். தோட்டாவின் மேல் எண்ணெய் படக் கூடாது.

5. தோல் உறையில் போட்டு பீரோவில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உலர்ந்த துணியில் சுற்றி, இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பூட்டிய பெட்டியில் வையுங்கள்.

6. ட்ரிக்கர் கனமாக இருப்பதால் குழந்தையால் இழுக்க முடியாது என்று நம்பாதீர்கள். இரண்டு கை விரல்களையும் சேர்த்து இழுத்தால் போதும். தனிப் பூட்டு, தனிச் சாவி அவசியம்.

7. கனமான ட்ரிக்கருக்கு விரல் நுனி போதாது. முதல் மடிப்பு படும்படி வைத்து, நிறுத்தாமல் ஒரே சீராக இழுத்துப் பழகுங்கள். டம்மி தோட்டாவோடு தினம் சில நிமிடம் போதும். உண்மையான தோட்டாவைச் சுட்டுப் பழகுவது ரைபிள் கிளப்பில் மட்டும்.

8. லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஸ்பிரிங் தளர்ந்தால் குதிரையின் அடி தோட்டாவின் அடியில் சரியாக விழாது, ஆபத்து வேளையில் ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடும். சில நேரம் சற்றுத் தாமதித்தும் வெடிக்கும். பயிற்சியில் வெடிக்காத தோட்டாவை உடனே எடுக்காமல், குழலைப் பாதுகாப்பான திசையிலேயே அரை நிமிடமாவது பிடித்திருங்கள். சட்டமும் கடுமையானது: 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, அதற்கான உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே குற்றம். உரிமம் பெற்ற ஆயுதக் கடை வழியாகவே பழுதுபார்க்கக் கொடுங்கள்.

9. தேர்தல் நேரத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால், கொடுக்கும் முன் மெல்லிய எண்ணெய் பூசி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் சும்மா கிடந்து திரும்பி வரும்போது தராசில் மாட்டிப் பாருங்கள்.

10. வயதாகி விரலில் வலு குறைந்தவர்கள் அடம்பிடிக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் கான்பூரிலிருந்து வந்த ‘பிரபல்’ ரிவால்வர், ட்ரிக்கர் இழுக்க எளிது என்று சொல்லியே அறிமுகமானது. கடையில் காலி நிலையில் இழுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதுவும் கைக்கு அடங்கவில்லை என்றால், இருப்பதை உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைத்து, கலெக்டர் அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள்.