நிழல் விழாத விமானமும் ஆறு இணைப்புகளும்

சென்ற மாதம் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு இரண்டாமாண்டு மாணவி ஒருவர், தஞ்சைப் பெரிய கோயில் பற்றிய புராஜெக்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எழுதி, சான்றாக ஆறு இணையதளங்களின் இணைப்பைக் கொடுத்திருந்தார்.

"ஆறு இடத்துல இருக்கு மேடம், எல்லாமா தப்பா இருக்கும்?"

ஆறையும் வரிசையாகத் திறந்து பார்த்தோம். ஆறிலும் ஒரே வாக்கியத்தில் 'வியக்க வைக்கிண்றது' என்று அதே பிழை, அதே மூன்று சுழி. யாரோ ஒருவர் எழுதியதை மற்றவர்கள் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆக, அந்த மாணவியின் கையில் இருந்தது ஆறு சான்று இல்லை, ஒன்றுதான். அதையும் எழுதியவர் யாரென்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

எத்தனை தளங்களில் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். சந்தேகம் வந்தால் ஒரு வாக்கியத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அச்சுப்பிசகாமல் அதே வரி வந்து நின்றால், அவை எத்தனை இருந்தாலும் ஒரே குரல்தான்.

அடுத்து, பக்கத்தின் அழகைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், செய்தியின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் என மூன்று தரப்பினரிடமும் சில தளங்களைக் காட்டினார்கள். பேராசிரியர்களில்கூடப் பலர் அழகான முகப்பையும் கம்பீரமான பெயரையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ பக்கத்தை முழுக்கப் படிப்பதற்கு முன்பே புதிய டேப் திறந்து, 'இந்தத் தளத்தை நடத்துவது யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்' என்று தேடிவிட்டுத்தான் திரும்பி வந்தார்கள். பெண் பார்க்கப் போகுமுன் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோமே, அந்த வழக்கம்தான் இதுவும்.

முகவரியின் வாலைப் பார்த்து முடிவு செய்வதும் போதாது. 'டாட் ஆர்க்' என்றால் தொண்டு நிறுவனம் என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். காசு கொடுத்தால் அதை யாரும் வாங்கலாம். 'கவ் டாட் இன்', 'ஏசி டாட் இன்' அப்படிக் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனாலும் பக்கம் எப்போது எழுதப்பட்டது என்று அங்கேயும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், செய்தியின் வேர்வரை போவது. உதாரணத்துக்கு, தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்த செய்தி அந்தக் கோயிலின் கல்வெட்டிலேயே இருக்கிறது. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் அதன் மூல வாசகம் அச்சாகியிருக்கிறது, இணையத்திலேயே படிக்கலாம். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் ஊரெல்லாம் சொல்லும் கதைதான். அது பல கற்களை இணைத்துச் செய்தது என்று ஆய்வாளர் குடவாயில் பாலசுப்ரமணியன் எழுதியிருக்கிறார். கோயிலுக்குள் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்தவர் பெயர் போட்டு எழுதிய ஒரு பக்கம், பெயரில்லாத நூறு பக்கத்துக்கு மேல்.

விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கே தொடங்குங்கள், அடிக்குறிப்பில் உள்ள நூலைத் தேடிப் படியுங்கள், அந்த நூலைச் சான்றாகக் காட்டுங்கள். சாட்ஜிபிடி போன்றவை தரும் நூற்பட்டியலில் இன்னும் கவனம் வேண்டும். இல்லாத புத்தகத்துக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சேர்த்துக் கொடுத்துவிடும். நூலக அட்டவணையில் கண்ணால் பார்க்காமல் ஒன்றைக்கூட எழுதாதீர்கள்.

நிழல் விஷயத்துக்கு நூல்கூட வேண்டாம். சித்திரையில் சூரியன் உச்சிக்கு நேராக வரும் நாட்களில், நண்பகலில் நிழல் விமானத்தின் அடியிலேயே அடங்கிவிடும். மற்றபடி மாலையில் போய் நின்றால் பிராகாரத்தில் நீளமாகக் கிடக்கும். அந்த மாணவிக்குத் தஞ்சாவூரில் அத்தை வீடு இருக்கிறதாம். அடுத்த வாரம் திருத்திக் கொண்டுவந்த புராஜெக்டில் ஆறு இணைப்புகளும் இல்லை. அந்த இடத்தில் கல்தரையில் விழுந்த நிழலின் படம் ஒன்று இருந்தது. அதன் கீழே தேதியும், மாலை 4.20 என்று நேரமும் எழுதியிருந்தார்.