தீர்ந்த பட்டன் பேட்டரியும் தீங்கு செய்யும்

குளுக்கோமீட்டரிலிருந்து கழற்றிய பட்டன் பேட்டரியை மேசை இழுப்பறையில் போட்டுவைப்பது பல வீடுகளில் வழக்கம். அவ்வழக்கமே எங்களை அஞ்சவைக்கிறது. கருவியை இயக்க இயலாத பேட்டரியிலும் திசுவை அரிக்கப் போதுமான மின்னழுத்தம் எஞ்சியிருக்கும். 20 மி.மீ. விட்டமுள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரியை விழுங்கும் குழந்தைக்கு அது உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளக்கூடும். அங்குள்ள ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து காரம் உருவாகி, 2 மணி நேரத்திற்குள் கடும் புண்ணை உண்டாக்கும். எச்சில் ஒழுகுதல், இருமல், உணவு மறுத்தல் ஆகியவை சளித் தொல்லை போலவே தோன்றுவதால் மருத்துவர்களாகிய நாங்களும் ஏமாறக்கூடும். எக்ஸ்ரே படமே உண்மையைக் காட்டும். எனவே ஐயம் எழுந்தாலே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு விரைந்து வாருங்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். ஒரு வயதைக் கடந்து, விழுங்க இயலும் நிலையிலுள்ள குழந்தைக்கு வரும் வழியில் 10 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் தரலாம். தேன் தேடிக் காலம் தாழ்த்த வேண்டாம்.

கழற்றிய உடனே பேட்டரியின் இரு பக்கங்களையும் ஒட்டுநாடாவால் மூடி, இறுகிய மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் உயரத்தில் வையுங்கள். உலோக டப்பா ஆகாது. எரிப்பதும் குப்பையில் எறிவதும் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. டப்பா நிறைந்ததும் அருகிலுள்ள மின்கழிவுச் சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள்.